எந்த வேலைக்கு எந்தத் தோட்டா? கொங்குத் தோட்டக்காரருக்கு ஒரு துப்பாக்கி வழிகாட்டி

2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதி. அந்தச் செய்தி வந்த வாரம் தாராபுரத்திலிருந்து பங்காளி அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, இனிச் சும்மா இருக்கப்படாது. துப்பாக்கி ஒண்ணு வாங்கோணும். இருக்கறதுலயே பெருசு எதுன்னு சொல்லு, வாங்கிப் போட்டரலாம்."

"அண்ணா, உங்க தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் பின்னால என்னங்க இருக்குது?"

"பின்னாலயா? களம், கட்டுத்தறி, அதத் தாண்டி ஆளுங்க குடியிருக்கற வீடு ரெண்டு. எதுக்குக் கேக்கற?"

அதுக்குத்தான் கேட்டேன். எந்தத் துப்பாக்கி என்று கேட்பவர் எல்லோரும் முன்னால் நிற்பவனைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். குண்டு முன்னால் நிற்பவனோடு நின்றுவிடாது. அதைத் தாண்டிப் போய் எங்கே விழும் என்பதை வைத்துத்தான் காலிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணனுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னதை விரிவாக எழுதிவைக்கிறேன். இது லைசென்ஸ் எடுத்து முறையாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு மட்டும்.

முதலில் எண்ணைப் படிக்கப் பழகுங்கள்

காலிபர் என்பது குழலின் உள்விட்டம். பாயிண்ட் 22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு, அதாவது ஏறக்குறைய 5.6 மி.மீ. பாயிண்ட் 177 என்றால் 4.5 மி.மீ. பாயிண்ட் 315 என்றால் 8 மி.மீ. இதுவரை சிக்கல் இல்லை.

பன்னெண்டு போர் என்பது ஒரே தோட்டாவில் நிறைய ரவையை, அதாவது சின்ன ஈய உருண்டைகளை, விடும் துப்பாக்கி. அதன் போர் (bore, குழலின் துளை) கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அது 12 போர். சுமார் 18.5 மி.மீ. அதே பவுண்டை 20 உருண்டைகளாக்கினால் 20 போர், 15.6 மி.மீ. அதனால் இங்கே எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். இருபது என்பது பன்னிரண்டைவிடப் பெரிது என்று நினைத்துக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. விட்டம் ஒன்றாக இருந்தால் தோட்டாவும் ஒன்றுதான் என்று எண்ணிவிட வேண்டாம். பாயிண்ட் 32 ரிவால்வருக்குப் போடும் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு வைத்தது. பாயிண்ட் 32 பிஸ்டலுக்குப் போடுவது குட்டையானது. இரண்டும் முப்பத்திரண்டுதான், ஆனால் ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போடக் கூடாது.

அப்புறம் சட்டத்தை வைத்துக் கழியுங்கள்

பட்டியலில் பாதி இங்கேயே போய்விடும். 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் சில காலிபர்களைத் தடை செய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. பாயிண்ட் 303, 7.62 ராணுவத் தோட்டா, 9 மி.மீ., பாயிண்ட் 455 போன்றவை அதில் அடக்கம். போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் தோட்டா வெளியாள் துப்பாக்கியில் போய் உட்காரக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்து எண்ணம், இன்றும் அதுவே தொடர்கிறது. சினிமாவில் பார்த்துவிட்டு 9 மி.மீ. பிஸ்டல் கேட்டு வருகிற தம்பிகளுக்கு ஒரே பதில்தான்: அது உங்களுக்கில்லை.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்து வருடமானது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதிவிலக்கு உண்டு. ஆக, சாதாரண ஆள் யோசிக்க வேண்டியவை ஐந்தே: பாயிண்ட் 177 ஏர் ரைபிள், பாயிண்ட் 22, பாயிண்ட் 32, பன்னெண்டு போர், பாயிண்ட் 315.

மலைப் பக்கத்தில் இன்னும் கிட்டிச்சுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி அங்கங்கே இருக்கிறது. வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் போட்டுக் குத்தி இறுக்குவது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் இருந்தால் கொண்டுபோய் ஒப்படைத்துவிடுங்கள். அதைப் பற்றி வேறு பேச்சில்லை.

வெள்ளாமைக் காவலுக்கு என்று கேட்டால்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்தியூர், தாளவாடி, தொண்டாமுத்தூர், ஆனைமலை எங்கே போனாலும் காட்டுப்பன்றி பேச்சுத்தான். ஒரே ராத்திரியில் கடலைக்காடு உழுதுபோட்ட மாதிரி ஆகிவிடும். கோபம் நியாயமானது. ஆனால் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பன்றியை நீங்கள் சுட முடியாது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாட்டிலும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறையாட்கள்தான் சுடுவார்கள். விவசாயி கையில் துப்பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை.

மயில் அந்த வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. ஏர் ரைபிள்தானே, கிளியை மிரட்டத்தானே என்பதும் வேலைக்கு ஆகாது. அதனால் வெள்ளாமைக்கு எந்தக் காலிபர் என்ற கேள்விக்கு என் பதில், தகரமும் வேலியும்.

பாயிண்ட் 315 பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் பெயர் பெற்ற ரைபிள், நல்ல சாமான். வேட்டைக் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. இன்று தாராபுரம், காங்கேயம் மாதிரி சமதரையில் அதன் குண்டு 3 கி.மீ. வரைகூடப் பறக்கலாம். நம் பக்கத்தில் 3 கி.மீ.க்குள் எத்தனை ஊர், எத்தனை பட்டி, எத்தனை மில் என்று எண்ணிப் பாருங்கள். யாராவது விலைக்கு வருகிறது என்று சொன்னால் நான் வேண்டாம் என்பேன்.

கற்றுக்கொள்ளவும் போட்டிக்கும்

எனக்குப் பிடித்த இடம் இது. எந்தக் காரணத்துக்காகத் துப்பாக்கி வாங்க நினைத்தாலும் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

பாயிண்ட் 177 ஏர் ரைபிள், குழல் வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவாக இருந்தால், லைசென்ஸ் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். பாயிண்ட் 22 ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இந்தப் பாயிண்ட் 177-இல்தான். 10 மீட்டர் தூரத்தில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மி.மீ. பேனா முனையால் வைத்த புள்ளி. அதை நின்றுகொண்டு அடிக்க வேண்டும். மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எப்படி இழுக்காமல் அழுத்துவது, இது இரண்டும் ஆறு மாதத்தில் உடம்பில் ஏறிவிடும். பின்னால் பன்னெண்டு போர் எடுத்தாலும் கை அதை மறக்காது.

அடுத்து பாயிண்ட் 22. குண்டின் எடை 2.6 கிராம்தான், உதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. 50 மீட்டர் ரைபிள், 25 மீட்டர் பிஸ்டல் இரண்டும் இதில்தான். தோட்டா மற்றவற்றைவிட மலிவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். ஆனால் 'சின்ன குண்டு' என்று ஏமாற வேண்டாம், வானத்தைப் பார்த்து விட்டால் ஒன்றரை கி.மீ. தாண்டிப் போய் விழும். சுடுதளத்தின் மண்மேட்டுக்கு வெளியே இதைச் சுட இடமே இல்லை.

பறக்கும் தட்டை அடிக்கும் டிராப், ஸ்கீட் போட்டிகளுக்குப் பன்னெண்டு போர். தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை இருக்கக் கூடாது என்பது விதி. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் ஆடினார். செலவு பிடிக்கும் ஆட்டம், தோட்டாக் கணக்கே மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். வீட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க நினைத்தால் கோயமுத்தூரில் ரைபிள் கிளப் இருக்கிறது, ஏர் ரைபிளில் தொடங்குங்கள்.

வீட்டுக் காவலுக்கு: முப்பத்திரண்டா, பன்னெண்டா?

அண்ணன் கேட்டது இதைத்தான்.

பாயிண்ட் 32 ரிவால்வர் நம் பக்கம் மில் முதலாளிகள், பைனான்ஸ்காரர்கள் இடுப்பில் இருக்கும். பணத்தை எடுத்துக்கொண்டு காரில் போய் வருகிறவருக்கு வேறு வழியில்லை, இரட்டைக்குழலைத் தோளில் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போக முடியாது. அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களை மனதில் வைத்து 'நிர்பீக்' என்று அரைக் கிலோ எடையில் ஒன்று கொண்டுவந்தது, 2023-இல் 'பிரபல்' வந்தது. இரண்டும் முப்பத்திரண்டுதான். எடுத்துச் செல்ல வேண்டியவருக்கு இது சரி.

வீட்டில் வைத்துக்கொள்ள இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் தோட்டாவின் வலு அல்ல, கை. கிளப்பில் முதல்முறை ரிவால்வர் எடுத்து 10 மீட்டரில் காகிதத்தைப் பார்த்துச் சுட்டேன். ஏர் ரைபிளில் மூன்று வருடம் பழகிய கை. ஆறில் நாலு காகிதத்திலேயே படவில்லை. பகல், வெளிச்சம், எதிரே யாருமில்லை, அப்போதே அந்தக் கதி. ராத்திரி இரண்டு மணிக்கு நாய் குரைத்து எழுந்து, கண்ணாடி தேடி, கை நடுங்கும்போது என்ன ஆகும்? காகிதத்தில் படாத அந்த நாலும் எங்கோ போய் நிற்கும். ஹாலோபிளாக் சுவரையோ அட்டைக் கூரையையோ அதற்குத் தடையாக எண்ணாதீர்கள்.

இரட்டைக்குழல் பன்னெண்டு போர் தோளில் உட்காரும், இரண்டு கையிலும் பிடிப்பு இருக்கும், குழல் நீளம் பார்வையை நேராக்கும். முக்கியமான விஷயம், தோட்டாவை மாற்றினால் துப்பாக்கியே மாறிவிடும். உள்ளே இருக்கும் ரவையின் அளவை வைத்துத்தான் தோட்டாவுக்குப் பெயர்: எல்ஜி என்றால் ஓர் அவுன்ஸுக்கு 6 ரவை, எஸ்ஜி என்றால் 8, பிபி 70, நாலாம் நம்பர் 170, ஆறாம் நம்பர் 270. ரவை பெரிதானால் தூரம் போகும். எல்ஜி அரை கி.மீ. தாண்டும். ஆறாம் நம்பர் 200 மீட்டர் வாக்கில் தரைக்கு வந்துவிடும், சுவரில் பட்டாலும் சீக்கிரம் வலு இழக்கும். கடைக்காரர் பெரும்பாலும் காவலுக்கு என்றவுடன் எல்ஜி பெட்டியைத்தான் எடுத்து வைப்பார். ஆளுங்க வீடு ஐம்பதடியில் இருக்கும் தோட்டத்துக்கு நான் எல்ஜி வேண்டாம் என்பேன், பிபி அல்லது நாலாம் நம்பர் போதும். சின்ன ரவை என்பதால் காயத்தோடு போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். ஒரு அறை தூரத்தில் எந்த ரவையும் ஆளைக் கொல்லும்.

ரவை விரியும் கணக்கைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். எங்கள் அப்பாருடைய இரட்டைக்குழலைத் தளத்துக்கு எடுத்துப்போய், பழைய காலண்டர் தாள்களை ஒட்டி 10 மீட்டரில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். வலது குழலின் துளை நெடுக ஒரே அளவு, இடது குழல் வாய்ப்பக்கம் சற்றுக் குறுகலானது. வலதில் ஒரு முறம் அளவுக்குப் பொத்தல். இடதில் ஒரு வட்டல் அளவுக்குத்தான். ஐந்து மீட்டரில் இரண்டுமே உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, ஓரங்களில் மட்டும் நாலைந்து தனி ஓட்டை. சும்மா அந்தப் பக்கம் திருப்பி விட்டால் ரவை விரிந்து பிடித்துக்கொள்ளும் என்ற பேச்சு அன்றோடு போயிற்று. பன்னெண்டிலும் குறி வைத்தே ஆக வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, பொழுது சாய்ந்து விடிவதற்குள் வீடு உடைப்பு போன்றவற்றில் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும், ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. தேங்காய் திருடி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளி.

வாங்கும் முன் குழலைப் பாருங்கள்

பழைய துப்பாக்கி வாங்குபவர்கள், அப்பாரு காலத்தது கைக்கு வந்தவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். நான் பட்டது.

அப்பாருடையது பெல்ஜியத்தில் செய்தது. என் பெயருக்கு லைசென்ஸ் மாறியதும் ஒரு கடையில் போய் "பன்னெண்டு போர் தோட்டா" என்றேன், கொடுத்தார்கள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. குழலின் அடிப்பக்கத்தில் தோட்டாவுக்கென்று உள்ள அறைக்குள் அது சுகமாகப் போய் உட்கார்ந்தது. சுட்டேன். தோள் நாலு நாள் கறுத்துக் கிடந்தது. பன்னெண்டு போர் என்றால் இப்படித்தான் உதைக்கும்போல என்று விட்டுவிட்டேன். பிறகு துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் பொறித்திருந்த எண்ணை விரலால் தடவிக் காட்டினார்: 65.

"இது அறுபத்தஞ்சு மில்லி அறை. நீங்க போட்டது எழுபது. கை இருக்குதுங்களே, அது உங்க அப்பாரு செஞ்ச புண்ணியம்."

எழுபது மில்லித் தோட்டா எப்படி அறுபத்தைந்து மில்லி அறைக்குள் போனது? அங்கேதான் கண்ணி இருக்கிறது. தோட்டாவின் மேல் எழுதியிருப்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும் முன் வாய் மடிந்திருப்பதால் குட்டையாகவே இருக்கும், தடையில்லாமல் நுழையும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலில் போய் அடைக்கும், அழுத்தம் ஏறும். அதனால் முதலில் அறை நீளத்தைப் பாருங்கள்: 65, 70, 76. அறையைவிட நீளமான தோட்டா கூடாது, குட்டையானது பரவாயில்லை. குழல் மேல் பாம்புத்தோல் மாதிரி வரி ஓடினால் அது கரிமருந்துக் காலத்து முறுக்குக் குழலாக இருக்கலாம், இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 20 போர் தோட்டாவைத் தவறி 12 போர் குழலில் போட்டால் அது உள்ளே வழுக்கிப்போய்ச் சிக்கி நிற்கும். குழல் காலி என்று நினைத்து அடுத்ததைப் போட்டு விசையை அழுத்தினால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகவே வந்தது. ஒரே வீட்டில் இரண்டு போரையும் வைக்காமல் இருப்பதே நல்லது.

உங்கள் பக்கத்தில் தோட்டா கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே துப்பாக்கியை முடிவு செய்யுங்கள். பன்னெண்டுக்கும் முப்பத்திரண்டுக்கும் அரசுத் தொழிற்சாலைத் தோட்டா வருகிறது. 16 போர் அழகான துப்பாக்கி, கையில் லேசு, ஆனால் தோட்டா தேடி அலைவீர்கள்.

இனிக் காகித வேலை

விண்ணப்பம் இணையத்தில். மாவட்டமாக இருந்தால் கலெக்டர், கோவை, திருப்பூர், சேலம் மாநகர எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர். வயது 21 ஆகியிருக்க வேண்டும். பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று, மருத்துவச் சான்று, வீட்டில் பூட்டி வைப்பதற்கான ஏற்பாடு, இவை கேட்பார்கள். போலீஸ் விசாரணை வரும், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வரப்புத் தகராறு வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் அங்கேயே நிற்கும். என்ன நோக்கத்துக்கு என்ற கட்டத்தில் தெளிவாக எழுதுங்கள். அப்பாருடையதை உங்கள் பெயருக்கு மாற்றுவதாக இருந்தால், லைசென்ஸ் வரும் வரை அது வீட்டுப் பரணில் இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து வைக்க வேண்டும்.

வந்த பிறகு துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். சாவி உங்களிடம், பேரன் கைக்கு எட்டாமல். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும், கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியதுதான். கொடுக்கும்போது துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் போட்ட ரசீது வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள், இரண்டு மாதத்தில் துரு ஏறியிருக்கும். கொடுக்கும் முன்பே எண்ணெய் துணி ஓட்டிவிட்டால் பாதி குறையும்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு பன்னெண்டு போருக்கு மனு போட்டிருக்கிறார். விசாரணை நடக்கிறது. அதுவரை சும்மா இருக்க மனமில்லாமல் கட்டுத்தறிக்கு மேல் இரண்டு பெரிய விளக்கு, கேட்டுக்கு ஒரு கேமரா, ஒரு கோம்பை நாய்க்குட்டி வாங்கிவிட்டார். நாய் இதுவரை கடித்தது அவர் செருப்பை மட்டும்தான். சின்ன மகள் ரைபிள் கிளப்பில் சேர்ந்திருக்கிறாள், போன வாரம் சுட்ட காகிதத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பத்தில் ஏழு கறுப்பு வட்டத்துக்குள். அண்ணனும் கூடப் போய்ச் சுட்டுப் பார்த்தாராம். அவர் காகிதத்தை யாரும் அனுப்பவில்லை.